பாப்பாவுக்கு ஒரு ஸ்டூல்

அந்தத் துணிக்கடையின் இரண்டாவது மாடியில், திரைச்சீலைப் பிரிவில் நின்று விற்கும் பாப்பாவுக்கு வயது ஐம்பது. சிரிக்க வேண்டாம். நேரில் பார்த்திருந்தால் நீங்களும் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருப்பீர்கள். நெற்றியில் ஒரு கோடு கிடையாது, கண்ணோரத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. புறங்கையைத் தொட்டால் பிறந்த குழந்தையைத் தொட்ட மாதிரி இருக்கும். ஜன்னலுக்குத் துணி எடுக்க வந்த பெண்கள் துணியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"என்ன க்ரீம் போடறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் போடறதில்லைங்க. குழாய்த் தண்ணி, வாரத்துக்கு ஒரு சோப்பு."

"சரி சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா விடுங்க."

ரகசியத்தை மறைக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு துணி வாங்காமல் போனவர்கள்கூட உண்டு. ஐயோ பாவம், அவள் மறைத்த ரகசியமே வேறு.

முகம் அப்படி. கழுத்துக்குக் கீழே சமாச்சாரம் வேறு. சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் மடங்கும். மேஜை முனை லேசாக உரசினால் போதும், தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய் பத்து நாளைக்கு மறையாது. சிறு வயதில் விழுந்து எழுந்த தழும்புகள் முழங்காலில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, அகலமாகப் படர்ந்திருக்கும். பாட்டில் மூடி திறக்கப் போனால் கட்டைவிரல் பிசகும். சாயங்காலம் ஆனால் இரண்டு முழங்காலும் தனித்தனியாக அவளோடு சண்டைக்கு நிற்கும். அவளோ யாரிடமும் மூச்சு விடமாட்டாள். வாய் மட்டும் ஓயாமல் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருக்கும்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவுக்கே வேடிக்கை அவள்தான். கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைப்பாள். முழங்கையை எதிர்ப்பக்கமாக வளைப்பாள். கன்னத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்து, கல்யாணமாகி, வேலைக்கு வந்த பிறகும் அந்த வித்தை நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது, "பாப்பா, அந்தக் கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டேன்" என்றால் போதும், டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு ஆரம்பித்துவிடுவாள்.

இனி அந்த ரகசியம். பாப்பாவின் தங்கையும் அதே கடையில்தான், கீழ்த்தளத்தில் பார்சல் கட்டும் பிரிவில் வேலை செய்தாள். அவளைக் கடையே 'பெரியக்கா' என்று கூப்பிட்டது. பாப்பாவும் கடைக்குள் அவளை 'பெரியக்கா' என்றுதான் கூப்பிட்டாள். ஆமாம், அக்கா தங்கையை அக்கா என்று கூப்பிட்டாள். இருபத்து மூன்று வருஷமாக.

நடந்தது இதுதான். வேலை கேட்டு இருவரும் ஒன்றாக வந்தபோது அக்காவுக்கு இருபத்தேழு, தங்கைக்கு இருபத்து நாலு. இருபத்தைந்துக்கு மேல் புதிதாக ஆள் எடுப்பதில்லை என்பது கடை வழக்கம். அது இவர்களுக்குத் தெரியாது. பதிவேடு எழுத உட்கார்ந்திருந்தவர் ஒரு கொள்கைக்காரர். பெண்களிடம் வயது கேட்பது மரியாதை இல்லையாம். அதனால் முகத்தைப் பார்த்து அவரே எழுதிவிடுவார். "என் கண்ணு தராசு மாதிரிம்மா, ஒரு வருஷம்கூடத் தப்பாது" என்று பீற்றிக்கொள்வார். அந்தத் தராசு தங்கையை ஏற இறங்கப் பார்த்து இருபத்தைந்து என்று எழுதியது. அக்காவைப் பார்த்து இருபது என்று எழுதியது. "பெரியவளுக்குப் பார்சல் பிரிவு, சின்னவளுக்கு மேல்மாடி" என்றது.

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நாளைக்குச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தபோதுதான் இருபத்தைந்து என்கிற அந்த வழக்கம் காதில் விழுந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டார்கள். வேலை போய்விடுமே! ஒரு நாள் பொய் ஒரு வாரமாகி, ஒரு வருஷமாகி, கடைசியில் பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது கடைக்கு முந்தின நிறுத்தத்துத் தண்ணீர்த் தொட்டி தாண்டும் வரை பாப்பா அக்கா, மற்றவள் தங்கை. தொட்டியைத் தாண்டியதும் உறவு தலைகீழ். திரும்பிப் போகும்போது மறுபடியும் தலைகீழ்.

பாப்பாவுக்கு அதில் குஷிதான். யாருக்குத்தான் கசக்கும்? தங்கை பாடுதான் திண்டாட்டம். "உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க, நீங்களும் உடம்பைக் கொஞ்சம் கவனிச்சுக்கக் கூடாதா பெரியக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. முப்பது வயதிலேயே புது ஆட்களுக்குப் புத்தி சொல்லும் பெரிய மனுஷி வேலை அவள் தலையில் விழுந்தது. அவளும் சளைக்காமல் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று ஏதேதோ பூசிக்கொண்டாள். அக்காவைப் பார்க்கும்போது வயிறு எரியும், அடுத்த நிமிஷம் அந்த எரிச்சலுக்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

இந்த இடத்தில் கடையின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். விற்பனை ஆட்கள் உட்காரக்கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றே ஆக வேண்டும். நாற்பத்தைந்து வயது முடிந்தவர்களுக்கு மட்டும் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதன் காலில் அவரவர் எண்ணைப் பெயிண்டில் எழுதித் தருவார்கள். வாடிக்கையாளர் இல்லாதபோது அதில் உட்காரலாம். ஒருவர் ஸ்டூலில் இன்னொருவர் உட்காரக்கூடாது. நாற்பத்து நாலு வயதுக் கால் வலிக்காது, நாற்பத்தைந்து முடிந்த கால்தான் வலிக்கும் என்று கண்டுபிடித்த மகானுக்கு ஒரு பெரிய கும்பிடு!

தங்கைக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே ஸ்டூல் வந்துவிட்டது. அவளுக்கோ இரும்புக் கால். பார்சல்களை அடுக்கி வைக்கத்தான் அந்த ஸ்டூல் பயன்பட்டது. பாப்பாவுக்குப் பதிவேட்டுக் கணக்கில் இன்னும் நாற்பத்து மூன்றுதான். ஒருநாள் தாங்க முடியாமல் கீழே போய்த் தங்கையின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேனேஜர் வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"என்ன பாப்பா, பெரியவங்க சீட்டுக்கு இப்பவே துண்டு போடறியா? உனக்கு இன்னும் நாள் இருக்கு, எழுந்திரு எழுந்திரு."

எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தோள்பட்டை விவகாரம் வந்தது.

துணிச்சுருளைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே உதறில் மேஜை முழுக்க விரிப்பதில் பாப்பாவை அடித்துக்கொள்ள அந்தக் கடையில் ஆள் கிடையாது. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மா புது வீட்டுக்கு எட்டு ஜன்னலுக்குத் துணி பார்க்க வந்திருந்தார். பாப்பா பச்சை நிறச் சுருளைத் தூக்கி உதறினாள். துணி விரிந்தது. கூடவே அவள் வலது தோளும் கழன்றது. டொக்கென்று சத்தம். கை சம்பந்தமில்லாத பொருள் மாதிரி தொங்கியது.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் பாப்பா. இடது கையால் வலது கையைப் பிடித்து, மேஜை விளிம்பில் சாய்ந்து, ஒரு திருகு திருகினாள். மறுபடி டொக். "இந்தத் துணி துவைச்சாலும் சாயம் போகாதும்மா, எத்தனை மீட்டர் வேணும்?"

வாடிக்கையாளர் அம்மாவின் முகம் அந்தத் துணியைவிடப் பச்சையாகிவிட்டது.

"என்னம்மா பண்ண இப்ப? தோளு கழண்டுச்சே! நீயே மாட்டிக்கிட்டியே!"

"அது அப்பப்ப கழலும்மா. மாசத்துக்கு ரெண்டு தடவை. நீங்க பயப்படாதீங்க, பச்சை வேணுமா, அந்தப் பழுப்பு வேணுமா?"

அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணை இப்போதே டாக்டரிடம் அனுப்பாவிட்டால் எட்டு ஜன்னலும் வெறும் ஜன்னலாகவே கிடக்கட்டும், ஒரு மீட்டர்கூட எடுக்கமாட்டேன் என்றார். மேனேஜர் அரை நாள் விடுப்புக் கொடுத்தார். எட்டு ஜன்னல் என்றால் சும்மாவா?

மூட்டு மருத்துவர் ஒரு பெண்மணி. தோளைப் பார்த்தார், அவள் நடையையும் பார்த்துவிட்டு முழங்காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பிறகு விரலை மடக்கச் சொன்னார், முழங்கையை வளைக்கச் சொன்னார், குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கச் சொன்னார். பாப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை நாள் சாப்பாட்டு நேரத்தில் காட்டிய வித்தையை ஒரு டாக்டரே கேட்கிறாரே! கேட்காமலே கன்னத்தையும் இழுத்துக் காட்டினாள். டாக்டர் அவள் தழும்புகளையும் கன்றிய இடங்களையும் கவனமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வயசு எத்தனை?"

பழக்கதோஷத்தில் நாற்பத்து மூன்று என்று வாய் வரை வந்தது. டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது என்று விழுங்கிக்கொண்டாள். "அம்பது, டாக்டர்."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "முகத்தைப் பார்த்தா முப்பத்தஞ்சு. இந்த முழங்காலைப் பார்த்தா அறுபத்தஞ்சு. கூட்டி ரெண்டால வகுத்தா சரியா அம்பது வருது."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவள் வயதைச் சரியாகப் போட்டிருக்கிறார். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டர் விளக்கினார். உடம்பில் தோல், மூட்டு, தசைநார், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் ஒரு நார்ப்பொருள் உண்டு, அதற்குக் கொலாஜன் என்று பெயர், இவளுக்குப் பிறவியிலேயே அது சரியாக அமையவில்லை என்றார். ஏலர்ஸ்-டான்லோஸ் என்று ஏதோ ஒரு பெயர் சொன்னார். பாப்பா அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்து மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி சொன்னாள்.

"டாக்டர், நான் துணிக்கடைக்காரி. எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன், சரியான்னு பாருங்க. பாவு நூலு, ஊடு நூலு ரெண்டும் இளக்கமா நெய்த துணி ஒண்ணு இருக்கும். தொட்டா அவ்வளவு மெதுவா இருக்கும். கசங்காது. சனங்க அதைத்தான் தடவித் தடவிப் பார்ப்பாங்க. ஆனா தையல் போட்ட இடத்துல நிக்காது, ரெண்டு இழுப்பு இழுத்தா விட்டுக்கும். நான் அந்தத் துணியா?"

டாக்டர் சிரித்தார். "இதைவிட நல்லா எனக்குச் சொல்ல வராது. அந்த வழுவழுப்பும் இந்த முழங்காலும் ஒரே நோய்தான்மா. தோல் சில பேருக்கு ரொம்ப நாள் இப்படி இளசாத் தெரியும். பிற்பாடு மத்தவங்களுக்கு முன்னாலேயே தொய்ஞ்சு போறதும் உண்டு. மூட்டு காத்திருக்காது, சீக்கிரமே தேய ஆரம்பிச்சிடும். உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

பாப்பாவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் இதே முகம்தான். நாற்பத்தெட்டு வயதில் கம்பு ஊன்றி நடந்தபோது, "இந்தச் சின்ன வயசுல என்ன நடிப்பு" என்று சொந்தக்காரர்கள் பின்னால் பேசினார்கள். பிறகு இரண்டே வருஷத்தில் கண்ணிமையும் கழுத்தும் தொங்கிப்போய், ஒரேயடியாகக் கிழவியானாள். பாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுக்கு மாத்திரையால முழுசா குணமாக்க முடியாது. ஆனா சமாளிக்கலாம். தசையைப் பலமாக்கப் பயிற்சி சொல்லித் தர்றேன். அந்த விரல் வித்தை, கன்ன வித்தை எல்லாம் இன்னியோட நிறுத்தணும். முக்கியமா, நாள் பூரா நிக்கக்கூடாது. உட்கார்ந்து உட்கார்ந்து வேலை பாருங்க. இப்படியே நின்னீங்கன்னா ஒரு வருஷத்துல வேலைக்கே போக முடியாது."

சீட்டு எழுதிக் கொடுத்தார். பாப்பா அதை மடித்து வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போக முடியாது என்ற வார்த்தைதான் காதிலேயே நின்றது. அந்த மாடியும், துணி வாசனையும், வருகிற பெண்களின் வீட்டுக் கதையும் இல்லாமல் அவளால் இருக்க முடியுமா? வீட்டில் உட்கார்ந்து யாரைக் கிண்டல் செய்வாள்? புருஷன் பஸ் மெக்கானிக். வேலைக்குப் போனால் எண்ணெய்க் கறையோடு பொழுது சாய்ந்துதான் வருவார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தாள். பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பாப்பா பயந்தாள். அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அது முடியாமல் வெடித்துக் கிளம்பியது.

"அடிப்பாவி அக்கா! இருபத்து மூணு வருஷமா நான் பொறாமைப்பட்டது ஒரு வியாதியைப் பார்த்தா? அப்ப எனக்கு இருக்கறதுதான் நல்ல தோலா? இந்தச் சுருக்கம் எல்லாம் ஆரோக்கியமா?"

"ஆமாண்டி. நீ அசல் சரக்கு. நான் இளக்கமா நெய்தது."

"நான் பூசின க்ரீமுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் தங்கை சட்டென்று எழுந்து, அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நாளைக்கே மேனேஜர்கிட்ட போ" என்றாள்.

மேனேஜர் சீட்டைப் படித்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"பாப்பா, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. ஆனா உன் வயசுல முப்பது பேரு நிக்கறாங்க. ஒரு குறையும் இல்லாத மாதிரி இருக்கற உனக்கு ஸ்டூல் குடுத்தா என்னைச் சும்மா விடுவாங்களா? இன்னும் ரெண்டு வருஷம். பல்லைக் கடிச்சுக்கோ."

"ஒரு வருஷத்துல காலே இருக்காதுன்னு டாக்டர் சொல்றாங்க சார்."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. உன் முகத்தைப் பார்த்தா எவன் நம்புவான்?"

முகம், முகம், முகம்! ஒரு நல்ல சுருக்கம் இருந்திருந்தால் இந்நேரம் ஸ்டூல் வந்திருக்கும். இனி உண்மை வயதைச் சொல்வதுதான் வழி. சொன்னால் ஐந்து வருஷம் முன்பே வரவேண்டிய ஸ்டூல். ஆனால் வயதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் என்று ஆளையே அனுப்பிவிட்டால்? தங்கையும் உடந்தை என்று அவளையும் சேர்த்து அனுப்பிவிட்டால்? சொல்லாவிட்டால் கால் போகும், சொன்னால் வேலை போகும். பத்து நாள் இதையே நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டாள்.

"சொல்லிடு" என்றாள் தங்கை. "என் வேலையைப் பத்திக் கவலைப்படாத. பார்சல் கட்டத் தெரிஞ்சவளை எந்தக் கடையும் வேண்டாம்னு சொல்லாது."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எரிந்து விழுந்தாள் பாப்பா. பயம்தான், வேறென்ன?

பதினோராம் நாள் ஏணியில் நிற்கும்போது முழங்கால் பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றாள். கீழே இருந்தவர்கள் அவள் ஏதோ துணி தேடுகிறாள் என்று நினைத்தார்கள். அவளும் "இதோ வரேன், இதோ வரேன்" என்று சிரித்துச் சமாளித்தாள். அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. தினமும் கதவு திறக்கும் முன் எல்லாரும் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இளையவர்கள் முன்னால், மூத்தவர்கள் பின்னால். பின் வரிசைக்காரர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மேனேஜர் என்ன புதுச் சரக்கு, எதற்குத் தள்ளுபடி என்று கால்மணி நேரம் பேசுவார். பாப்பாவின் இடம் நடுவில். தங்கையின் இடம் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால்.

மறுநாள் காலை மேனேஜர் பேச வாயெடுத்தார். பாப்பா தன் இடத்தை விட்டுக் கிளம்பினாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து, தங்கையைத் தாண்டி, சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"பாப்பா, அங்க என்ன பண்ற? உன் இடத்துக்கு வா."

"இதுதான் சார் என் இடம். எனக்கு வயசு அம்பது."

 கடையே அதிரும்படி சிரிப்பு. பாப்பா பண்ணுகிற கிண்டல்களில் இதுதான் உச்சம் என்று கை தட்டினார்கள். மேனேஜருக்கே புரையேறியது.

"நிஜமாத்தான் சார்! சத்தியமா அம்பது!"

சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். "உங்க அம்மாவோடதை எடுத்துட்டு வந்துட்டியா?" என்றான் ஒருவன். ஐம்பது வருஷம் வாழ்ந்தவள், வாழ்ந்தேன் என்று சொன்னால் நம்ப ஆளில்லை! பாப்பாவுக்கு அழுகை முட்டியது. சான்றிதழை மேனேஜர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று வேகமாக ஓர் அடி எடுத்து வைத்தாள். முழங்கால் பக்கவாட்டில் நழுவியது.

"அக்கா!"

கத்தியது தங்கைதான். கத்திக்கொண்டே பாய்ந்து வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். "அக்கா, மெதுவாக்கா, நான் பிடிச்சிருக்கேன், உட்காருக்கா, அக்கா..."

சிரிப்பு அப்படியே அறுந்தது. பெரியக்கா பாப்பாவை அக்கா என்கிறாள். நடிப்பில் அந்தக் குரல் வராது. முன் வரிசையில் ஒரு பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் மெதுவாக வந்து சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "அப்ப பதிவேட்ல?"

தங்கை நிமிர்ந்தாள். "அக்கா ஒரு பொய்யும் சொல்லல சார். அக்காகிட்ட யாரும் வயசே கேக்கல. முகத்தைப் பார்த்து எழுதினாங்க. எனக்கும் ஒரு வருஷம் கூடத்தான் எழுதினாங்க!"

எல்லார் கண்ணும் பதிவேட்டுக்காரர் பக்கம் திரும்பியது. மனிதர் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி. முகம் தொங்கிப் போயிற்று. "நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்ல சார்" என்றார் ஈனசுரத்தில்.

"தப்பினதில்லையா?" என்று பட்டுப் பிரிவு அம்மா ஒருத்தி கையை உயர்த்தினாள். "எனக்கு நாலு வருஷம் கூட எழுதியிருக்கீங்க! வேலை கிடைச்சாச் சரின்னு விட்டுட்டேன்."

"எனக்கு ரெண்டு வருஷம் கம்மி சார்."

"எனக்கு அஞ்சு!"

"எனக்கு என் தம்பி வயசு!"

அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. யாருடைய வயதும் யாருக்கும் சரியில்லை. முன் வரிசையில் நின்றவர்கள் பின்னால் போனார்கள், சுவரில் சாய்ந்திருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். ஸ்டூல் வாங்கி இரண்டு வருஷமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு உண்மையில் நாற்பத்தொன்றுதானாம். யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது? அனுப்புவதென்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். வெளியே ஷட்டரைத் தட்டிக்கொண்டு வாடிக்கையாளர்கள் வேறு.

மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு, பார்சல் அடுக்கியிருந்த தங்கையின் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்தார்.

"போதும்ப்பா. வயசைப் பத்தி இனிமே யாரும் என்கிட்ட பேசாதீங்க. கால் வலிக்கறவங்க உட்காருங்க. அவ்வளவுதான். கதவைத் திறங்க."

பாப்பாவிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கோங்க அக்கா. அன்னிக்கு உங்களை எழுப்பி விட்டுட்டேன்."

அவருக்கு நாற்பத்தாறு வயது. பாப்பா சிரித்துவிட்டாள்.

இரண்டாவது மாடிக்கு முதுகு சாயும் வசதியோடு ஓர் உயரமான ஸ்டூல் வந்தது. பச்சைத் துணி வாங்கிய அம்மாதான் அதை வற்புறுத்தினார் என்று பிறகு தெரிந்தது. எட்டு ஜன்னலோடு நிற்காமல் சோபா உறைக்கும் அங்கேயே வந்திருந்தார். சுருள்களைத் தூக்கி உதறும் வேலை இப்போது வேறொரு பெண்ணுக்கு. பாப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து, "இன்னும் மேல தூக்கு, நீ என்ன படுக்கையா விரிக்கிற?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலைக் காட்டச் சொன்னவர்களுக்கு, "கடை மூடியாச்சு" என்று பதில் வந்தது. காலையில் வீட்டில் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தாள். புருஷன் நட்டு, போல்ட் இறுக்குகிற கணக்கில் பக்கத்தில் நின்று எண்ணினார்.

ஸ்டூல் வந்த நாலாம் நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கை பார்சல் விவரம் கேட்க மேலே வந்தாள். பாப்பா சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே வாடிக்கையாளர் யாரும் இல்லை. முகம் என்னவோ மாதிரி இருந்தது.

"என்னக்கா, வலிக்குதா?"

"இல்லடி. வலிக்கல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

பாப்பா முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ என்பது போல இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"மணி அஞ்சாயிடுச்சு, இன்னும் வலிக்கல. உனக்கு இந்த நேரத்துல எப்படி இருக்கும்?"

"எப்படின்னா? கொஞ்சம் அலுப்பா இருக்கும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினாச் சரியாயிடும்."

"மூட்டுக்குள்ள கண்ணாடி வச்சுத் தேய்க்கற மாதிரி இருக்காது?"

"இருக்காதுக்கா."

"படியில இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் உயிர் போகாது?"

 தங்கை கையிலிருந்த பார்சல் சீட்டை மேஜையில் வைத்தாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே கடையில், பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அக்கா சிரித்த சிரிப்பெல்லாம் கண் முன்னால் வந்து போனது.

"ஏன்க்கா ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொல்லல?"

பாப்பா நிஜமாகவே ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு நெனச்சேன்டி. நீங்கல்லாம் தாங்கிக்கறீங்க, நாமளும் தாங்கிக்கணும்னு நெனச்சேன்."